லேப்டாப்பைச் சார்ஜில் போட்டே வைக்கலாமா? பேட்டரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஆளுக்கொரு லேப்டாப் வந்த பிறகு, ஆளுக்கொரு பேட்டரி வைத்தியமும் வந்துவிட்டது. "நூறு ஆனதும் பிடுங்கிடு" என்பார் ஒருவர். "மாசம் ஒரு தடவை சுத்தமா இறக்கிட்டு ஏத்து" என்பார் இன்னொருவர். இதில் பாதி, இன்றைய லேப்டாப்பில் இல்லாத பழைய வகை பேட்டரிக்குச் சொன்னது. கீழே இருக்கும் பதில்கள் எல்லாம் லித்தியம்-அயன் பேட்டரிக்கானவை. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் இருப்பது அந்தக் குடும்பம்தான்.

சார்ஜரைக் கழற்றாமல் நாள் முழுக்க வேலை செய்தால் பேட்டரி கெட்டுவிடுமா?

ஓவர்சார்ஜ் ஆகாது. பேட்டரி பேக்குக்குள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் போர்டு உட்கார்ந்திருக்கிறது. செல்கள் நிரம்பியதும் சார்ஜ் ஏறுவது நின்றுவிடும். அதன்பிறகு லேப்டாப் நேராக அடாப்டர் கரண்டில் ஓடும், பேட்டரி சும்மா இருக்கும்.

அப்படிச் சும்மா இருக்கும்போதுதான் சேதம் நடக்கிறது. நிரம்பிய ஒரு செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டை ஒட்டி நிற்கும். சில புதிய செல்களில் அதற்கும் மேலே. அந்த அழுத்தத்தில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற திரவம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. சார்ஜைச் சுமந்து இங்கும் அங்கும் போய்வர வேண்டிய லித்தியத்தில் ஒரு பங்கு, கிராஃபைட் மின்முனையின் மேல் படியும் படலத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வருவதே இல்லை. பக்கத்தில் பிராசசர் கொதித்துக்கொண்டிருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு வாரத்தில் தெரியாது, ஒரு மாதத்திலும் தெரியாது. இரண்டு வருடம் மேஜையை விட்டு நகராத லேப்டாப்பை ஒரு நாள் ரயிலில் திறந்து, அது ஒரு மணி நேரம்கூடத் தாங்காமல் அணையும்போதுதான் தெரியும்.

எனவே பிளக் மாட்டியே இருக்கட்டும், ஆனால் அளவு 80 சதவீதத்தில் நிற்கும்படி செட்டிங்கில் சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தைச் செய்ய நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

அதென்ன 80? யார் வைத்த கணக்கு?

80-க்கு மந்திரம் எதுவும் கிடையாது. 75 வைத்தாலும் சரி, 85 வைத்தாலும் சரி. மேலே போகப் போக செல்லின் மின்னழுத்தம் ஏறுகிறது, மின்னழுத்தம் ஏற ஏற தேய்மானம் கூடுகிறது, அவ்வளவுதான். அடிக்கடி வெளியே எடுத்துப்போகும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பாகத் தெரியாது என்பதால் பல நிறுவனங்கள் 80-ஐத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. லேப்டாப் மேஜையிலிருந்து நகரவே நகராது என்றால் 60 இன்னும் நல்லது.

80 வரை மளமளவென்று ஏறும் சார்ஜ் அதன்பிறகு ஏன் மெதுவாகிறது என்பதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. முதலில் சார்ஜர் ஒரே அளவு கரண்டைத் தள்ளிக்கொண்டே போகும். செல் அதன் உச்ச வோல்ட்டேஜைத் தொட்டதும், வோல்ட்டேஜை அங்கேயே பிடித்துவைத்துக் கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். டவுன் பஸ் மாதிரி: காலியாக இருக்கும்போது பத்துப் பேர் ஒரு நொடியில் ஏறிவிடுவார்கள், நிரம்பிய பிறகு ஒரு ஆளை ஏற்றவே கண்டக்டர் கத்த வேண்டியிருக்கும்.

இந்த வரம்பை எங்கே போய் வைப்பது?

விண்டோஸின் செட்டிங்கில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. லேப்டாப் நிறுவனத்தின் சொந்த ஆப்பில் இருக்கும். லெனோவோவில் வான்டேஜ் ஆப்பைத் திறந்தால், ஐடியாபேட் வகையில் 'கன்சர்வேஷன் மோட்' என்று ஒரு பொத்தான் உண்டு. திங்க்பேடில் இன்னும் வசதி: எத்தனையில் ஏறத் தொடங்க வேண்டும், எத்தனையில் நிற்க வேண்டும் என இரண்டையும் நாமே சொல்லலாம். ஏசுஸில் மைஏசுஸ் ஆப், ஏசரில் கேர் சென்டர் அல்லது ஏசர்சென்ஸ், எம்எஸ்ஐ-யில் எம்எஸ்ஐ சென்டர். டெல்லில் அதன் சொந்த ஆப்பிலோ பயாஸிலோ (லேப்டாப் ஆன் ஆகும்போதே ஒரு விசையை அழுத்தித் திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) 'பிரைமரிலி ஏசி யூஸ்', 'கஸ்டம்' என்ற தேர்வுகள் இருக்கும். எச்பி-யின் அலுவலக மாடல்களில் பயாஸுக்குள் 'பேட்டரி ஹெல்த் மேனேஜர்' என்று தேடுங்கள். லினக்ஸ் ஆட்கள் க்னோம் 48 முதல் பவர் செட்டிங்கிலேயே இதைப் பார்க்கலாம், லேப்டாப்பின் ஹார்ட்வேர் ஒத்துழைத்தால். மேக்புக்கில் 'ஆப்டிமைஸ்டு பேட்டரி சார்ஜிங்' நம் வழக்கத்தைக் கவனித்து, தேவைப்படும் நேரம்வரை 80-லேயே நிறுத்தி வைக்கும்.

எந்த ஆப்பும் கைக்குச் சிக்கவில்லை என்றால் பயாஸுக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். விலை குறைந்த சில மாடல்களில் இந்த வசதியே கிடையாது. அப்படியானால் 80-ஐத் தாண்டியதும் நினைவிருந்தால் பிளக்கை எடுங்கள். நினைவில்லை என்றால் விடுங்கள், அதற்காக அலாரம் வைத்து அலைய வேண்டாம்.

இன்னொன்று. வரம்பு வைத்த பிறகு திரையில் 'பிளக்டு இன், நாட் சார்ஜிங்' என்று வரும். அது கோளாறு இல்லை, நாம் கேட்டது அதுதான். முன்பு யாரோ வரம்பு வைத்ததை மறந்துவிட்டு, "60-க்கு மேல ஏறவே மாட்டேங்குது" என்று சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

மாதம் ஒரு முறை முழுக்க இறக்கி ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். இது நிக்கல்-காட்மியம் பேட்டரி காலத்துப் பழக்கம். அந்த வகைக்குப் பாதியில் சார்ஜ் போட்டால் 'மெமரி எஃபெக்ட்' வரும், அதாவது அந்தப் பாதியையே தன் முழு அளவாகப் பழகிக்கொள்ளும் என்று சொல்வார்கள். 1991-இல் சோனி முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இது தலைகீழ்: அடிக்கடி அடிமட்டம்வரை இறக்குவதைவிட, 40-லிருந்து 70, 50-லிருந்து 80 என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதுதான் இதற்குப் பிடிக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. 25 சதவீதம் என்று காட்டிக்கொண்டே இருந்து திடீரென்று அணைந்துவிடுகிறதா? பேட்டரிக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை சிப்பின் கணக்கு தப்பியிருக்கலாம். உள்ளே போன கரண்டையும் வெளியே வந்த கரண்டையும் கூட்டிக் கழித்துத்தான் அது சதவீதம் காட்டுகிறது. முழுசாக நிரம்புவதையோ காலியாவதையோ பார்க்காமல் ரொம்ப நாள் ஓடினால் பிசகிவிடும். அப்போது ஒரு தடவை 100 வரை ஏற்றி, தானாக அணையும்வரை பயன்படுத்தி, மறுபடி முழுசாக ஏற்றினால் கணக்கு நேராகும். இதனால் பேட்டரி பலம் பெறாது, காட்டும் எண் மட்டும் நிஜத்துக்குப் பக்கத்தில் வரும்.

புது லேப்டாப்பை முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜில் போட வேண்டுமாமே?

தேவையில்லை. பெட்டியைத் திறந்ததும் பயன்படுத்தலாம்.

சைக்கிள் என்றால் என்ன? பிளக்கை மாட்டும் ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுமா?

கூடாது. மொத்தத்தில் 100 சதவீத அளவுக்குச் சார்ஜ் செலவானால் ஒரு சைக்கிள். இன்று 50, நாளை 50 செலவழித்தால் இரண்டு நாளும் சேர்ந்து ஒன்று. ஆப்பிள் தற்போதைய மேக்புக்குகளுக்கு 1,000 சைக்கிள் என்று சொல்கிறது. மற்ற லேப்டாப்களில் 300 முதல் 500 என்பது வழக்கம், நீண்ட ஆயுள் பேட்டரி என்று தனியாகப் போட்டால் 1,000. அந்த எண்ணைத் தொட்டதும் பேட்டரி செத்துவிடும் என்று அர்த்தமில்லை. முதலில் பிடித்த அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்துக்கு இறங்கியிருக்கும்.

சைக்கிள் எண்ணிக்கை மட்டும் பார்த்துப் பழைய லேப்டாப் வாங்காதீர்கள். பேட்டரி பயன்படுத்தாமலே வயதாகக்கூடியது. நான்கு வருடம் 100-இல் மாட்டியே கிடந்த லேப்டாப்பில் சைக்கிள் 40 என்று அழகாகக் காட்டும், பிளக்கைப் பிடுங்கினால் சாயம் வெளுத்துவிடும்.

சூடு உண்மையிலேயே அவ்வளவு கெடுதலா?

நம் ஊரில் முதல் எதிரியே அதுதான். கனடாவின் கேடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது. லித்தியம்-அயன் பேட்டரியை ஒரு வருடம் சும்மா வைத்திருந்தால் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சும் என்பதற்கான மதிப்பீடு. 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜோடு வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும். முழு சார்ஜோடு வைத்தால் 80. அதே பேட்டரி 40 டிகிரியில் இருந்தால் முறையே 85, 65. எண்கள் பேட்டரிக்குப் பேட்டரி மாறும், போக்கு மாறாது. முழு சார்ஜும் சூடும் கைகோத்தால்தான் பெரிய அடி.

சென்னையிலோ வேலூரிலோ மே மாதம் வெளி வெப்பமே 40 டிகிரியைத் தொடுகிறது. ஓடும் லேப்டாப்புக்குள் இருக்கும் பேட்டரி, அறை வெப்பத்தைவிட எப்போதும் சில டிகிரி கூடுதலாகத்தான் இருக்கும். மேக்புக்கைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் சுற்றுப்புற வெப்பமே 10 முதல் 35 டிகிரி வரைதான். நம் கோடைப் பகல் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்கிறது. ஏசி போட வசதி இல்லாதவர்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மெத்தை, தலையணை, போர்வை மேல் வைத்து வேலை செய்யாதீர்கள். அடியில் காற்று இழுக்கும் துவாரங்கள் அடைபட்டுவிடும். அடாப்டரையும் மெத்தையில் புதைத்து வைக்காதீர்கள். பின்பக்கத்தை ஒரு புத்தகத்தின் விளிம்பில் தூக்கி வைத்தால்கூட வித்தியாசம் தெரியும். ஃபேன் சத்தம் கூடிக்கொண்டே போனால் உள்ளே பஞ்சு மாதிரி தூசி அடைத்திருக்கும். வருடம் ஒரு தடவை கடையில் கொடுத்து ஊதி எடுத்துவிடுங்கள், பேட்டரிக்கும் சேர்த்தே நல்லது. வெயிலில் நிறுத்திய காருக்குள் லேப்டாப் பையை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பை அப்படியே மூடிப் பைக்குள் திணிப்பதும் கூடாது. சில நேரம் அது தூங்காமல் உள்ளேயே ஓடி வெந்துகொண்டிருக்கும். பையைத் தொட்டாலே சுடும்.

அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் 80 சதவீதம் போதுமா?

அரை மணி, ஒரு மணி நேர மின்வெட்டுக்கு 80 தாராளம். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்தடை என்று பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறதா, முதல் நாள் இரவு வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளுங்கள். எப்போதாவது 100 ஏற்றுவதால் ஒன்றும் ஆகாது. அங்கேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதுதான் பிரச்சினை.

வோல்ட்டேஜ் ஏற்ற இறக்கத்துக்குப் பேட்டரி பயப்படத் தேவையில்லை. அடாப்டரின் முதுகைப் படித்தால் இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கும்; அடி முதலில் அதற்குத்தான். இடி மின்னல் நேரத்தில் மட்டும் பிளக்கைச் சுவரிலிருந்தே எடுத்துவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இருக்காதீர்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டலாமா?

கழற்றக்கூடிய பழைய மாடல்களில் முடியும். ஆனால் கரண்ட் போன நொடியில் சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். 80 வரம்பே போதும்.

வேறு சார்ஜர் போடலாமா? போன் சார்ஜர்?

யுஎஸ்பி-சி வழியே சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால் பயம் குறைவு. பவர் டெலிவரி முறையில் சார்ஜரும் லேப்டாப்பும் முதலில் பேசி வைத்துக்கொண்டுதான் 5, 9, 15, 20 வோல்ட் என்று ஒன்றை முடிவு செய்கின்றன. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 100 வாட் சார்ஜரை மாட்டினால் அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். 30 வாட் போன் சார்ஜரை மாட்டினால், லேப்டாப் அதை ஏற்றுக்கொண்டால் மெதுவாக ஏறும். வேலை பளுவாக இருந்தால் ஏறுவதைவிட வேகமாக இறங்கும். பேட்டரிக்கு இதனால் கெடுதல் இல்லை. கேபிளைக் கவனியுங்கள்: சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 60 வாட் வரைதான் தாங்கும், அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும்.

உருண்டை முனை சார்ஜரில் இந்தப் பேச்சுவார்த்தை கிடையாது. லேபிளை நாமே படிக்க வேண்டும். பழையதில் அவுட்புட் 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று இருந்தால், புதியதிலும் வோல்ட் அதேதான் இருக்க வேண்டும். ஆம்பியர் கூட இருக்கலாம், குறையக் கூடாது. முனையின் அளவும் துருவமும் பொருந்த வேண்டும். டெல்லில் ஒரு விசேஷம்: முனையின் நடுவில் இருக்கும் மெல்லிய ஊசி வழியாக லேப்டாப் அடாப்டரை அடையாளம் பார்க்கும். டூப்ளிகேட் என்றாலோ, ஊசி வளைந்திருந்தாலோ லேப்டாப் ஓடும், ஆனால் சார்ஜ் ஏறாது, வேகமும் குறையும். பேட்டரி போய்விட்டது என்று புதுசு வாங்கும் முன் அந்த ஊசியைப் பாருங்கள்.

அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் விற்கும் அடாப்டருக்கு அது கட்டாயம்.

பிளக் மாட்டி கேம் ஆடும்போதும் சார்ஜ் இறங்குகிறதே?

பெரிய கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப், அடாப்டர் தருவதைவிட அதிகம் இழுக்கும் நேரத்தில் மீதியைப் பேட்டரியிலிருந்து எடுத்துக்கொள்ளும். நிறுவனத்தோடு வந்த பெரிய அடாப்டரைப் போட்டும் மளமளவென்று இறங்கினால் காட்டிப் பாருங்கள். யுஎஸ்பி-சி சார்ஜரில் ஆடினால் இறங்கத்தான் செய்யும்.

சில மாதம் பயன்படுத்தப் போவதில்லை. எப்படி வைப்பது?

பாதி சார்ஜில், முழுசாக ஷட்டவுன் செய்து, வீட்டில் குளிர்ச்சியான அலமாரியில். சிலர் ஃப்ரிட்ஜ் என்பார்கள். உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும், வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாதிவரை ஏற்றுங்கள்.

காலியாக வைப்பது முழுசாக வைப்பதைவிட ஆபத்து. சும்மா இருக்கும் பேட்டரியிலும் சொட்டுச் சொட்டாகச் சார்ஜ் கசியும். செல் ரொம்பக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். அப்படிப்பட்ட செல்லை மறுபடி சார்ஜ் செய்வது உள்ளே ஷார்ட் ஆக வழி வைப்பது. அதனால்தான் பாதுகாப்பு சர்க்யூட் அதை நிரந்தரமாகப் பூட்டிவிடுகிறது. பரண்மேல் வருடக்கணக்கில் கிடந்த லேப்டாப் சார்ஜே ஏறாமல் போவது இப்படித்தான்.

என் பேட்டரி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து (powercfg /batteryreport) என்டர் தட்டுங்கள். ஒரு கோப்பு உருவாகி, எங்கே சேமித்தது என்றும் சொல்லும். அதை பிரவுசரில் திறந்தால் இரண்டு எண்களைத் தேட வேண்டும்: 'டிசைன் கபாசிட்டி', 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி'. முதலாவது 50,000, இரண்டாவது 41,000 என்றால் பேட்டரியில் 82 சதவீதம் மிச்சம். இந்த எண் வாராவாரம் கொஞ்சம் ஏறி இறங்கும், அதைப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ் போய் பேட்டரி பகுதியில் 'பேட்டரி ஹெல்த்' பார்த்தால் போதும்.

டச்பேட் கிளிக் ஆகவில்லை, மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. ஏன்?

பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். பல லேப்டாப்களில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. எலக்ட்ரோலைட் சிதைந்து வாயு சேரும்போது பை போன்ற செல் வீங்கி மேலே தள்ளும். முதலில் கிளிக் சத்தம் மந்தமாகும், அப்புறம் டச்பேடின் ஓரம் ஒரு பக்கம் தூக்கும், மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும்.

அந்த நிலையில் இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. சார்ஜரைப் பிடுங்கி, ஷட்டவுன் செய்து, சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப்போங்கள். அழுத்திச் சமன் செய்வது, ஊசியால் குத்திக் காற்றை இறக்குவது எல்லாம் நேராகத் தீயில் போய் முடியும். யூடியூபில் யாராவது செய்து காட்டினால் அந்தச் சேனலைவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

எப்போது மாற்றுவது? எங்கே வாங்குவது?

உங்கள் வேலைக்குப் போதாத நாளில் மாற்றுங்கள். 70 சதவீதம் மிச்சம் இருந்து, இரண்டு மணி நேரம் தாங்கி, அது உங்களுக்குப் போதுமென்றால் மாற்ற அவசியம் இல்லை. உப்பினால் மட்டும் உடனே.

நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் விலை கையைக் கடித்தாலும் முதலில் அங்கே கேளுங்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற இடத்தில் வாங்குவதானால், பழைய பேட்டரியின் மேல் அச்சடித்த பார்ட் நம்பரையும் வாட்-அவர் அளவையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். லேப்டாப் மாடல் பெயர் மட்டும் சொன்னால் கடைக்காரருக்கே குழப்பம் வரும். தயாரித்த தேதியைப் பாருங்கள். 'புத்தம் புதுசு' என்று மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததைக் கொடுப்பார்கள். லேபிளில் ஐஎஸ் 16046 என்ற பிஐஎஸ் குறி இருக்க வேண்டும். மாட்டியதும் கடையிலேயே மேலே சொன்ன ரிப்போர்ட்டை எடுத்து, ஃபுல் சார்ஜ் கபாசிட்டி லேபிளில் உள்ள அளவை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். பில்லில் உத்தரவாத மாதங்களை எழுதி வாங்குங்கள்.

பழைய பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், பழைய இரும்புக்காரரிடமும் போடாதீர்கள். அவர் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி, விற்ற பேட்டரிகளைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அதனால் புதிது மாட்டும் இடத்திலேயே பழையதை விட்டுவிட்டு வர முடியுமா என்று கேளுங்கள். வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டால், கனெக்டரின் உலோக முனைகள் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, அடுப்படிக்குத் தூரமாக, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.